மாத்திரையா, ஸ்டென்ட்டா, பைபாஸா: நடந்தால் வரும் நெஞ்சுவலிக்கு எது?

அப்பா பதினோராவது படியில் நின்றுவிட்டார். ஒரு கை கைப்பிடியில். இன்னொரு கையை முஷ்டியாக மூடி நெஞ்சுக்கு நடுவில் வைத்திருந்தார். “வலிக்குதாப்பா?” என்று கேட்டேன். “வலின்னு சொல்ல முடியல. யாரோ கனமா எதையோ வெச்சு அமுக்குற மாதிரி இருக்கு” என்றார். இரண்டு நிமிடம் அப்படியே நின்றார். அமுக்கம் விட்டது. ஒன்றுமே நடக்காததுபோல மீதிப் படிகளை ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர், இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தித் திரையைக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கொடிபோல ஓடிய வலதுபக்க ரத்தக்குழாய், நடுவில் ஓரிடத்தில் இடுப்பைப் பிடித்து இறுக்கியதுபோல் ஒடுங்கியிருந்தது. “75 சதவீத அடைப்பு. இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாம், என்ன சொல்றீங்க?” என்று கேட்டார் மருத்துவர். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “வெக்கலைன்னா செத்துடுவேனா டாக்டர்?” மருத்துவர் ஒரு கணம் யோசித்தார். “அப்படி இல்லீங்க ஐயா. வெச்சா வலி குறையும்.”

நேர்மையான பதில் அது. அன்று அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பல மாதங்கள் படிக்கவும், கேட்கவும் வேண்டியிருந்தது. நடந்தால் வந்து, நின்றால் போகிற நெஞ்சுவலி உள்ள ஒவ்வொருவரும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்: நான் சிகிச்சை எடுப்பது உயிருக்காகவா, வலிக்காகவா? பதிலைப் பொறுத்து மாத்திரை, குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட், அடைப்பைத் தாண்டிப் புது வழி தைக்கும் ஆபரேஷனான பைபாஸ் ஆகிய மூன்றின் எடையும் மாறுகிறது.

முதலில், இது எந்த வலி?

கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஒரு வகை வலியைப் பற்றியது. குறிப்பிட்ட அளவு உழைத்தால் வருகிறது, ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் போகிறது, மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. இதை நிலையான ஆஞ்சைனா என்பார்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்த வேலைக்கே வந்தாலோ, வியர்வை, வாந்தி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்று சேர்ந்து வந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றாலும் அப்படியே. அது நிலையற்ற ஆஞ்சைனாவாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கும் சிகிச்சை, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் இழப்பு. இரண்டு நிலைமைகளிலும் வைப்பது அதே ஸ்டென்ட்தான் என்பதால்தான் இத்தனை குழப்பம். “பக்கத்து வீட்டுக்காரரை ஸ்டென்ட் காப்பாற்றியது” என்பது உண்மையாக இருக்கலாம். அவருக்கு வந்தது மாரடைப்பு. அப்பாவுக்கு வந்தது படியில் வரும் அமுக்கம்.

இன்னொன்று. எல்லோருக்கும் வலியாகவே வருவதில்லை. பெண்கள், வயதானவர்கள், நீண்டகால நீரிழிவுக்காரர்கள் பலருக்கு மூச்சு வாங்கும், காரணமில்லாத களைப்பு வரும், மேல்வயிறு கனக்கும். “வாயு” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் உண்டு. உழைத்தால் வருகிறதா, நின்றால் போகிறதா என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தக் குணத்தை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர். 1768ல் லண்டனில் சக மருத்துவர்கள் முன் வாசித்தார், 1772ல் அச்சில் வந்தது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட பிறகு நடந்தால் இன்னும் அதிகமாக நெஞ்சை நெரிப்பதுபோல வரும், நின்ற கணமே மறையும் என்று குறித்தார். இசிஜி கிடையாது, ஆஞ்சியோ கிடையாது. நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். அவரே, தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வேலையாக வைத்துக்கொண்ட ஒருவருக்கு நோய் ஏறக்குறைய குணமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதயம் எப்போது சாப்பிடுகிறது

உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயம், தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் தளரும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. சுருங்கும்போது தன் தசையே தன் குழாய்களை நெரித்துவிடுகிறது. துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. வெட்டுப்படுவது தளரும் நேரம்தான். படியேறும்போது வேலை கூடுகிறது, சாப்பிடும் நேரமோ குறைகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற உறுப்புகள் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். இதயத் தசை சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய முக்கால் பங்கை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே தேவை கூடினால் அதற்கு ஒரே வழி, ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது. குழாய் 70 சதவீதம் அளவுக்கு ஒடுங்கிவிட்டால் உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடும், ஏறும்போது முடியாது. அப்போது வருவதுதான் அந்த அமுக்கம்.

நிலையான ஆஞ்சைனாவில் இதயத் தசை செத்துப்போவதில்லை. பட்டினி கிடக்கிறது, நின்றதும் பசியாறுகிறது. மாரடைப்பில்தான் தசை சாகிறது. அதற்காக ஆஞ்சைனா இதயத்தை ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். நீண்டகாலம் போதிய ரத்தம் இல்லாத தசை வேலையைக் குறைத்துக்கொண்டு உறங்கிப்போவதும் உண்டு. இன்னொரு கேட்டை நான் கண்ணால் பார்த்தேன். வலிக்குப் பயந்து அப்பா நடப்பதைக் குறைத்தார். நடை குறைந்ததும் எடை ஏறியது, சர்க்கரை ஏறியது, முகம் வாடியது. அதற்குப் பிறகு பத்துப் படிக்கே மூச்சு வாங்கியது. இதயத்தைவிட வேகமாக வாழ்க்கைதான் சுருங்கிக்கொண்டு வந்தது.

குழாய் அடைப்பு என்ற படம்

நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் அழுக்குச் சேர்கிறது, 75 ஆகிறது, 90 ஆகிறது, ஒருநாள் 100 ஆனதும் மாரடைப்பு. ஆகவே 75லேயே திறந்துவிட்டால் தப்பிக்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நடப்பது வேறு. குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு, அழற்சி எல்லாம் சேர்ந்த கொப்புளம்போல ஒன்று இருக்கிறது. அதன் மேல்தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து நிமிடங்களில் குழாய் அடைபடும். அதுதான் பெரும்பாலான மாரடைப்பு. கிழிகிற கொப்புளம் பெரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முப்பது, நாற்பது சதவீதம்தான் என்று ஆஞ்சியோவில் ஒதுக்கிவிட்ட இடமும் கிழியலாம். நாள்பட்டு இறுகிப்போன 75 சதவீத இடம் அப்படியே இருந்துவிடவும் கூடும். ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் திறக்கிறது. நோயோ குழாய்கள் முழுக்கப் பரவியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் உண்டு. 2007ல் வெளிவந்த கரேஜ் ஆய்வில் 2,287 நிலையான நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நல்ல மருந்துச் சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு அதோடு ஸ்டென்ட். நான்கரை ஆண்டு கவனித்த பிறகும் இறப்பிலோ மாரடைப்பிலோ வித்தியாசம் இல்லை. “லேசான நோயாளிகளாகப் பார்த்து எடுத்திருப்பார்கள்” என்றார்கள் சிலர். அதற்குப் பதிலாக வந்தது இஸ்கீமியா ஆய்வு. 37 நாடுகளில் 5,179 பேர், எல்லோருக்கும் பரிசோதனையில் நடுத்தரமான அல்லது கடுமையான ரத்தக்குறை. முடிவு 2019 இறுதியில் அறிவிக்கப்பட்டது. முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்தில் தொடங்கி அது போதாதபோது மட்டும் சிகிச்சைக்குப் போனவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை.

அதே ஆய்வில் மறுபக்கமும் உண்டு. தினமும் அல்லது வாரந்தோறும் வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட், பைபாஸ் தந்த நிம்மதி மருந்து தந்ததைவிட நன்றாகவே கூடுதல். ஆய்வில் சேர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லாமல் வந்தவர்கள். அவர்களுக்கு எந்தப் பக்கமும் ஆதாயம் தெரியவில்லை. இல்லாத வலியை எப்படிக் குறைப்பது?

அந்த மருத்துவர் சொன்னது இதைத்தான். “அப்படி இல்லீங்க ஐயா, வெச்சா வலி குறையும்.”

மாத்திரை வழி

மருந்து என்றால் இரண்டு ஜாதி. ஒன்று, உயிரைக் காப்பது: ரத்தத்தட்டுகள் ஒட்டாமலிருக்க ஆஸ்பிரின், கொப்புளத்தை அடக்கி இறுக்க ஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தேவையானவை. இரண்டாவது, வலியைக் குறைப்பது. பலரும் தவறவிடும் இடம் இது. வலி நின்றதும் “சரி, குணமாயிடுச்சு” என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். உயிரைக் காக்கும் மாத்திரை எதையும் உணர வைக்காது. அது வேலை செய்வது தெரியவே தெரியாது. ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸ் செய்தாலும் இந்த முதல் ஜாதி மாத்திரைகள் தொடர வேண்டும். “மாத்திரையா ஸ்டென்ட்டா” என்று தலைப்பில் நானே எழுதியிருந்தாலும், உண்மையான தேர்வு மாத்திரை மட்டுமா, மாத்திரையோடு சேர்த்து ஸ்டென்ட்டா என்பதுதான். மாத்திரை இல்லாத வழி கிடையாது.

கெட்ட கொழுப்பான எல்டிஎல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண ரிப்போர்ட்டில் 100க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று அச்சிட்டிருக்கும். இதயக்குழாய் நோய் உறுதியானவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டி சொல்லும் இலக்கு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்கும் கீழ். அப்பாவின் எண் 96 இருந்தது, நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் திருப்தியாக இருந்தோம்.

வலிக்கான மருந்துகளில் பீட்டா பிளாக்கர் துடிப்பை மெதுவாக்குகிறது. இதயம் சாப்பிடும் நேரம் நீள்கிறது என்று இப்போது உங்களுக்கே புரியும். ஜேம்ஸ் பிளாக் இந்த வகை மருந்தை உருவாக்கியதே ஆஞ்சைனாவை மனதில் வைத்துத்தான். 1988ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே நாடி மெதுவாக உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம். களைப்பு, கை கால் சில்லிட்டுப் போவது போன்றவை வரலாம். திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பும், மாரடைப்பே கூட வரலாம். ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போகக்கூடாத மாத்திரை இது. கால்சியம் சானல் தடுப்பான்கள் குழாயைத் தளர்த்துகின்றன. அவற்றில் சிலவற்றால் கணுக்கால் வீங்கும். இவை போதாவிட்டால் இவாபிரடின், ரனோலசின், நிக்கோராண்டில் என்று அடுத்த வரிசை இருக்கிறது.

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1879ல் வில்லியம் முரெல் ஆஞ்சைனாவுக்கு நைட்ரோகிளிசரினைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். டைனமைட்டில் இருக்கும் அதே பொருள். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்காக இதை எழுதிக்கொடுத்தார்கள். இன்றும் இதைவிட வேகமான மருந்து நோயாளியின் கையில் கிடையாது. ஆனால் உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ நேரும். தலை வலிக்கும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். கூச்சத்தால் சொல்லாமல் விடுவதை மருத்துவர் ஊகித்துக்கொள்ள முடியாது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: இதை வலி வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்றில்லை. படி ஏறப்போகிறோம், இந்த இடத்தில் வலி வரும் என்று தெரிந்தால், மருத்துவர் சொல்லிய அளவில் சில நிமிடம் முன்னாலேயே வைக்கலாம்.

அப்புறம் நடை. அந்த மரம் அறுத்த மனிதரை மறந்துவிடவில்லையே? ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 101 ஆண் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2004ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்குத் தினமும் 20 நிமிட சைக்கிள் பயிற்சி. ஒரு வருடம் கழித்து, மாரடைப்பு, மறுசிகிச்சை, வலி கூடி ஆஸ்பத்திரிச் சேர்க்கை போன்ற எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 70. சின்ன ஆய்வுதான், அதை வைத்து ஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கும் நடை ஒரு மருந்து என்று சொல்ல இது போதும்.

மாத்திரை வழியின் குறையையும் மறைக்க மாட்டேன். கரேஜ் ஆய்வில் மருந்தில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிறகு ஸ்டென்ட்டுக்கோ பைபாஸுக்கோ போனார்கள். இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. மற்ற இரண்டு பேருக்குத் தேவைப்படவில்லையே. காத்திருந்ததால் யாருக்கும் உயிர்ச்சேதம் கூடவில்லை. ஆனாலும் நாளுக்கு நான்கைந்து மாத்திரை, அவற்றின் பக்கவிளைவு, “எப்ப வருமோ” என்ற நினைப்பு, இவை எல்லோராலும் தாங்கக்கூடியவை அல்ல.

ஸ்டென்ட் வழி

1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், 38 வயது மனிதர் ஒருவரின் இதயக்குழாய்க்குள் சின்னப் பலூனைச் செலுத்தி ஊதி விரித்தார். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வெறும் பலூன் காலத்தில் மூன்றில் ஒருவருக்காவது மாதங்களில் மீண்டும் ஒடுங்கியது. 1986ல் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. 2000த்தின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. இன்று ஒரு வருடத்துக்குள் மீண்டும் ஒடுங்குவது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

மணிக்கட்டு வழியாக நுழைகிறார்கள். பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம். வலி குறைவது சில நாட்களிலேயே தெரியும். இந்த வேகம்தான் இதன் பெரிய பலம்.

எவ்வளவு குறையும்? இங்கிலாந்தில் ஆர்பிட்டா என்று ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். ஒரே குழாயில் கடும் அடைப்புள்ள 200 பேர். முதலில் எல்லோருக்கும் நல்ல மருந்து கொடுத்துவிட்டு, பிறகு பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்கு வைத்ததுபோல ஒரு பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் நடக்கும் நேரத்தில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2017ல் இந்த முடிவு பெரிய அலையைக் கிளப்பியது. அதே குழு மறுபடியும் 301 பேரை வைத்துச் செய்தது, இந்த முறை வலி மருந்துகளை நிறுத்திவிட்டு. 2023ல் வந்த முடிவு: ஸ்டென்ட் வைத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு வலியே இல்லை, பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு இல்லை. ஆக, ஸ்டென்ட் உண்மையாகவே வலியைக் குறைக்கிறது. ஆனால் திறந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் வலி மிச்சம் இருந்தது. “வெச்சுட்டா எல்லாம் சரியாயிடும்” என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டென்ட் ஒரு கடனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நிலையான நோயில் வைத்தால் வழக்கமாக ஆறு மாதம் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, பிறகு ஒன்று, வாழ்நாள் முழுக்க. ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தைக் குறைப்பார்கள். நடுவில் தானாக நிறுத்தினால் வலைக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். ஆகவே வயிற்றுப்புண்ணில் ரத்தம் போன பழைய கதை, அடுத்த மாதம் செய்யவிருக்கும் வேறு ஆபரேஷன், மாத்திரையை ஒழுங்காகப் போடாத பழக்கம், எல்லாவற்றையும் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அடைப்பு 50லிருந்து 80 சதவீதத்துக்குள் இருந்தால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: “அழுத்தம் அளந்து பார்த்தீர்களா?” மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். பின்பக்க அழுத்தம் முன்பக்கத்தின் 0.80 பங்குக்கு மேல் இருந்தால் அந்த அடைப்பு ரத்தத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்று பொருள். கண்ணுக்கு மோசமாகத் தெரியும் அடைப்பு இதில் தேறிவிடுவதும் உண்டு.

பைபாஸ்: எங்கே இதை விட்டு வேறு வழி தேடக்கூடாது

நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் ஆபரேஷன். எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கனம் தூக்கக்கூடாது. பக்கவாதத்துக்கும் சிறிதளவு ஆபத்து உண்டு. பயப்படுவது இயல்பு. ஆனால் மேலே “உயிருக்கு வித்தியாசம் இல்லை” என்று நான் எழுதியதை எல்லோருக்கும் பொருத்திவிடக்கூடாது. அந்த ஆய்வுகளில் சேர்க்காமல் விட்ட ஆட்கள் உண்டு. இஸ்கீமியாவில், இதயத்தின் இடதுபக்கத்துக்கு ரத்தம் தரும் இடது பிரதானக் குழாயில் குறிப்பிடத்தக்க அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதத்துக்கும் குறைந்தவர்களையும் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நியாயம் வேறு.

இடது பிரதானக் குழாய் அடைப்பு என்றால் மருந்தோடு மட்டும் காத்திருக்கக்கூடாது. அங்கே பைபாஸ் ஆயுளைக் கூட்டுகிறது. அடைப்பு எளிய இடத்தில் இருந்தால் ஸ்டென்ட்டும் மாற்றாகலாம். மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே நீரிழிவு என்றால் 2012ல் வந்த ஃப்ரீடம் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1,900 நீரிழிவுக்காரர்கள். ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல், 5.2க்கு எதிராக 2.4. பம்பிங் மிகவும் குறைந்தவர்களிடமும் பைபாஸின் பலன் பத்தாண்டு கணக்கில் தெரிகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்டென்ட் ஒரு புள்ளியைத் திறக்கிறது. பைபாஸ் அடைப்புகளைத் தாண்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் புது வழியை இணைக்கிறது. நாளைக்கு மேலே இன்னொரு கொப்புளம் கிழிந்தாலும் கீழே ரத்தம் வந்துகொண்டிருக்கும். மார்புக்கூட்டின் உட்புறத் தமனியை எடுத்து முன்பக்கக் குழாயில் தைத்தால் பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரைகள் அவ்வளவு உழைப்பதில்லை, பத்தாண்டில் பாதியளவு ஒடுங்கியோ அடைத்தோ போகின்றன. எத்தனை தமனி, எத்தனை சிரை என்று அறுவை மருத்துவரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஆஞ்சியோ மேசையிலேயே மூன்று நான்கு ஸ்டென்ட் வைக்கலாம் என்று சொன்னால், நிலையான நோயில், “எழுந்து வெளியே வந்து அறுவை மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கிறது.

குழாய் சுத்தம், ஆனாலும் வலி

சிலருக்கு ஆஞ்சியோவில் அடைப்பே இருக்காது. “ஒண்ணுமில்ல, மனசுதான்” என்று அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது. ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாமல் போனாலும் ஆஞ்சைனா வரும். பெரிய குழாய் திடீரென்று இழுத்துச் சுருங்கினாலும் வரும். 1959ல் பிரின்ஸ்மெட்டல் விவரித்த இந்த இரண்டாவது வகை ஓய்விலும், விடியற்காலையிலும் தாக்கும். இதற்குப் பீட்டா பிளாக்கர் ஆகாது, கால்சியம் சானல் தடுப்பான்தான் மருந்து. இங்கே ஸ்டென்ட்டுக்கோ பைபாஸுக்கோ பெரும்பாலும் வேலையில்லை. வலி பொய்யில்லை, தேட வேண்டிய இடம்தான் வேறு.

ஒரே அடைப்பு, இரண்டு முடிவு

அப்பாவுக்கு ஒற்றைக் குழாய், வலதுபக்கம், பம்பிங் நன்றாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை வலி. அன்று மேசையிலிருந்து எழுந்து வந்தார். “மூணு மாசம் மாத்திரை போட்டுப் பாப்போம், நடப்போம். முடியலைன்னா வெச்சுக்கலாம்” என்று அவரேதான் சொன்னார். ஸ்டாட்டின் அளவைக் கூட்டினார்கள், எல்டிஎல் 52க்கு வந்தது. பீட்டா பிளாக்கரில் முதல் இரண்டு வாரம் சோர்ந்து கிடந்தார், பிறகு உடம்பு பழகிவிட்டது. முதலில் பத்து நிமிட நடை, பிறகு முப்பது.

அதே வருடம் மாமாவுக்கும் ஏறக்குறைய அதே அடைப்பு, அதே குழாய். மாமா தச்சர். மரம் இழைக்கும்போது தினமும் வலி. பீட்டா பிளாக்கர் கொடுத்ததும் நாடி 46க்கு இறங்கித் தலை சுற்றியது. அந்தத் தலைச்சுற்றலோடு ரம்பத்துக்கு முன்னால் எப்படி நிற்பது? மாற்று மாத்திரையில் கால் வீங்கியது. “எனக்கு வேலை செய்யணும் மாப்ளே, காத்திருக்க முடியாது” என்றார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். மூன்று வேளை மாத்திரைக்கும் சின்ன மரப்பெட்டி ஒன்றைத் தானே செய்து வைத்திருக்கிறார்.

இரண்டு பேரின் ஆஞ்சியோ படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியாது. முடிவுக்கான காரணம் படத்தில் இல்லாமல் ஒருவரின் படிக்கட்டிலும் இன்னொருவரின் பட்டறையிலும் இருந்தது.

அப்பா இப்போது பதினோராவது படியைத் தாண்டிப் போகிறார். கீழே கனமாக ஏதாவது வாங்கி வந்தால் மட்டும் திருப்பத்தில் ஒரு நிமிடம் நிற்பார். நாக்கடி மாத்திரை எப்போதும் சட்டைப் பையில்தான். போன மாதம் சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துப் பார்த்தேன், காலாவதித் தேதி தாண்டி ஆறு வாரம் ஆகியிருந்தது. அன்றே புதிது வாங்கி வைத்தேன்.